உறைநிலையில் ஒரே ஒரு வரி: டெபியன் 13, எம்.டி.பி., அத்தையின் போன்

17 மே 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 13 இந்த மாதம் 15ஆம் தேதியோடு கடின உறைநிலைக்குள், அதாவது வெளியீட்டுக்கு முன் புது மாற்றங்களை எளிதில் ஏற்காத கட்டத்துக்குள், போய்விட்டது. என் புதிய போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்தால் கோப்பு மேலாளரில் வெற்றுச் சாளரம்தான் வருகிறது. டெர்மினலில் எம்டிபி-டிடெக்ட் கட்டளையைக் கொடுத்தால், இது தெரியாத சாதனம் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் பெரிய எழுத்தில் ‘பேனிக்’ என்று அலறுகிறது. போனும் கணினியும் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை எம்.டி.பி.; அதைக் கையாளும் லிப்எம்டிபி நிரலகத்தின் சாதனப் பட்டியலில் என் போன் இல்லை. நானே தேடிப் பார்த்தேன். சேர்க்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்குக்கூட இடமில்லையா? அடுத்த வெளியீடு வரை இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டுமா?

17 மே, இரவு

இடம் கொடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. உறைநிலை எதற்கு? புதுச் சரக்கு உள்ளே நுழைந்து பழைய சரக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்கு. பட்டியலில் ஒரு போனின் பெயரைச் சேர்ப்பது புதுச் சரக்கே அல்ல. வாக்காளர் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்தால் தேர்தல் சட்டம் மாறிவிடுமா?

அந்தப் பட்டியல் இருக்கும் கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் பெயர் இன்றைக்கும் ‘மியூசிக் பிளேயர்ஸ்’. கேமராக்களுக்கென்று இருந்த பி.டி.பி. நெறிமுறையை நீட்டித்துப் பாட்டுப் பெட்டிகளுக்காக மைக்ரோசாஃப்ட் உருவாக்கியதுதான் எம்.டி.பி. 2008இல் அது யூஎஸ்பி தரங்களில் ஒன்றாகவும் ஆனது. அதனால்தான் நம் போன்களெல்லாம் கிரியேட்டிவ் ஸென் போன்ற பழைய பாட்டுப் பெட்டிகளோடு ஒரே வீட்டில் ஒண்டிக் குடித்தனம் நடத்துகின்றன. ஒவ்வொரு வரியிலும் தயாரிப்பாளர் பெயர், அவருக்கான எண், சாதனத்தின் பெயர், அதன் எண், கடைசியில் ஒரு கொடி, அதாவது ஒரு குறியீட்டுச் சொல். அவ்வளவுதான்.

என் அத்தையின் போனுக்கும் இதே கதைதான். வெற்றுச் சாளரம், பேனிக், பட்டியலில் பெயர் இல்லை. அவருடைய மடிக்கணினியில் டெபியனின் சோதனைக் கிளையை (அடுத்த வெளியீடாகத் தயாராகிக்கொண்டிருக்கும் பதிப்பை) ஏற்றிக் கொடுத்தவன் நான் என்பதால், பழியும் என்னுடையதுதான். “கம்பியைச் செருகினால் படம் வரவேண்டும், அவ்வளவுதானே?” என்கிறார். நியாயமான கேள்வி.

இந்த வாரம் அந்த வரியை நானே எழுதி அனுப்பப் போகிறேன்.

18 மே

உறைநிலையும் போனும் முட்டிக்கொள்வது இது முதல் முறை அல்ல.

2011 இறுதியில் ஆண்ட்ராய்டு 4.0 உடன் வந்த கேலக்ஸி நெக்ஸஸ், யூஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் முறையைக் கைவிட்டது. அதுவரை போனைச் செருகினால் பென் டிரைவ் மாதிரி வந்து நிற்கும். அதன் பிறகு எம்.டி.பி.தான். டெபியன் 7 உறைந்தது 2012 ஜூன் 30. பிலிப் லாங்டேல் எழுதிய ஜிவிஎஃப்எஸ் எம்.டி.பி. பகுதி, அதாவது கனோம் என்ற மேசைத்தளத்தின் கோப்பு மேலாளருக்கு எம்.டி.பி. பேசக் கற்றுக்கொடுத்த பகுதி, 2013 மார்ச்சில் கனோம் 3.8 உடன் வந்தது. டெபியன் 7 வெளியானது 2013 மே 4. உள்ளே இருந்தது கனோம் 3.4. போன் ஏற்கெனவே மாறிவிட்டது, மருந்தும் தயாராகிவிட்டது, ஆனால் மருந்து வருவதற்கு முன்பே கடையைப் பூட்டியாகிவிட்டது. டெபியன் 7க்குப் பத்து நாள் முன்னால் வெளியான உபுண்டு 13.04 என்ற இன்னொரு லினக்ஸில் அந்தப் பகுதி இருந்தது.

அந்தக் காலத்தில் டெபியன் 7ஐ வைத்துக்கொண்டு நான் படம் எடுத்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதலில் எம்டிபி-ஃபைல்ஸ் என்ற கட்டளை. அது போனில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் பெயர், அளவு, அடையாள எண் என்று நீளமாக அச்சிட்டுக்கொண்டே போகும். அதில் வேண்டிய படத்தின் எண்ணைத் துண்டுத்தாளில் குறித்துக்கொள்வேன். பிறகு எம்டிபி-கெட்ஃபைல், ஓர் இடைவெளி, அந்த எண், சேமிக்க வேண்டிய பெயர். ரேஷன் கடையில் அட்டை எண்ணைச் சொல்லிச் சர்க்கரை வாங்குவது போல. ஓர் எண்ணைத் தவறாகக் குறித்துத் தங்கை கல்யாணப் படத்துக்குப் பதில் அலார ஒலியை வாங்கி வந்ததும் உண்டு.

எம்.டி.பி.யின் குணமே அதுதான். அதற்குப் பாதை என்ற ஒன்று கிடையாது. பொருள் உண்டு, பொருளுக்கு எண் உண்டு, அந்தப் பொருளின் தாய் யார் என்பதற்கு இன்னோர் எண் உண்டு. கோப்புறைக்குள் கோப்புறை என்று நமக்குத் தெரிவதெல்லாம் கோப்பு மேலாளர் கட்டிக்கொடுக்கும் வேடம்.

20 மே

முதல் திருத்தம். பத்து நாள் அல்ல, ஒன்பது. உபுண்டு 13.04 வெளியானது ஏப்ரல் 25. விரல்விட்டு எண்ணியிருக்கலாம்.

இரண்டாவது திருத்தம் கொஞ்சம் பெரியது. உபுண்டுவை முந்தியவனாகவும் டெபியனைத் தூங்கியவனாகவும் நான் எழுதியது ஒருதலைப்பட்சம். 13.04க்கு ஆதரவு ஒன்பது மாதம்; 2014 ஜனவரியில் முடிந்தது. டெபியன் 7 நீண்டகால ஆதரவையும் சேர்த்து 2018 மே வரை உயிரோடு இருந்தது. ஒன்று வாடகை வீடு, மற்றொன்று சொந்த வீடு. இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைத்தது என் பிழை.

மூன்றாவது: மாஸ் ஸ்டோரேஜை வேண்டுமென்றே பிடுங்கிக்கொண்டார்கள் என்ற தொனியில் எழுதிவிட்டேன். அந்த முறையில் சேமிப்பகத்தை முழுதாகக் கணினியிடம் ஒப்படைக்க வேண்டும். கணினி வைத்திருக்கும் வரை போன் அதைத் தொட முடியாது. எல்லாக் கணினிக்கும் புரியவேண்டும் என்பதால் ஃபேட் என்ற பழைய கோப்பு அமைப்பிலேயே வடிவமைத்தாக வேண்டும். செயலிகளுக்கு ஒரு தனிப் பகுதி, படங்களுக்கு ஒரு தனிப் பகுதி. ஒன்று நிரம்பி வழிய, மற்றொன்று காலியாகக் கிடக்கும். எம்.டி.பி.யில் போனே வாசலில் உட்கார்ந்து கேட்டதை எடுத்துக் கொடுக்கிறது. கேபிளைப் பாதியில் பிடுங்கினாலும் முழுச் சேமிப்பகமும் குழம்பாது. இதை 2011இல் ஒருவர் எனக்கு விளக்கினார். அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

21 மே

அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். பெயர், எண், பெயர், எண் என்று நான்கு பகுதிகள் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டன. ஐந்தாவதில் கை நின்றுவிட்டது. கொடி.

மற்ற ஆண்ட்ராய்டு போன்களின் வரிகளில் ‘ஆண்ட்ராய்டு பக்ஸ்’ என்று ஒரு கொடி இருக்கிறது. அப்படியே நகல் எடுத்து ஒட்டிவிடலாம் என்று போனவன், அதற்கு என்னதான் பொருள் என்று தேடினேன். அது ஒரு கொடி அல்ல, ஒரு கட்டு. பொருள்களின் பண்புகளை மொத்தமாகக் கேட்காதே, அதில் கோளாறு உண்டு. பண்புகளை மொத்தமாக எழுதாதே. இயங்குதளத்தின் கருவான கெர்னலில் வேறு இயக்கி பிடித்திருந்தால் முதலில் கழற்று. பதிலுக்கு நீண்ட நேரம் காத்திரு. போகும்போது இணைப்பை மீட்டமைத்துவிட்டுப் போ. இப்படி அரை டஜன் கட்டளைகள் ஒரே சொல்லுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

ஆக, 17ஆம் தேதி நான் எழுதிய வாக்காளர் பட்டியல் உவமை செல்லாது. இது பெயர்ப் பட்டியல் இல்லை. எந்தச் சாதனத்திடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற நிரல்தான், பட்டியல் வேடம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதே எண்ணை வேறொரு மாடலுக்கும் தயாரிப்பாளர் பயன்படுத்தியிருந்தால், நான் பார்த்தே இராத போனின் நடத்தையையும் நான் மாற்றியவன் ஆவேன். ஒரு வரி என்பது பேட்சின், அதாவது நிரலில் செய்யும் திருத்தத்தின், நீளம். அதனால் வரக்கூடிய சேதத்தின் நீளம் அல்ல.

இருந்தாலும் அனுப்புவதாகத்தான் இருக்கிறேன். கவனமாக அனுப்புவேன்.

24 மே

உறைநிலையில் ஒரு பொதியை (மென்பொருள் மூட்டையை) உள்ளே விடச் சொல்லிக் கேட்பதற்கு டெபியனில் ஒரு படிவம் உண்டு. வெளியீட்டுக் குழுவின் பெயரில் ஒரு வழு அறிக்கையைத் திறந்து, பழைய பொதிக்கும் புதிய பொதிக்கும் உள்ள வேறுபாட்டை இணைக்க வேண்டும். படிவம் கேட்பவை: காரணம் என்ன, விடாவிட்டால் யாருக்கு என்ன நட்டம், என்ன சோதனை செய்தீர்கள், என்ன ஆபத்து.

காரணம்: அத்தை. அப்படி எழுதவில்லை, நாகரிகமாக எழுதினேன். நட்டம்: புதிய போன்களில் கோப்பு எடுக்க முடியாது. மூன்றாவது கேள்விக்கு வந்ததும் விழித்தேன். என்ன சோதனை செய்தேன்? பேட்ச் போடாமல் வேலை செய்யவில்லை, பேட்ச் போட்டால் வேலை செய்கிறது என்று எழுத வேண்டும். இரண்டையும் நான் இன்னும் செய்து பார்க்கவில்லை. முதல் பாதிகூட அத்தை தொலைபேசியில் சொன்னதும், ஒரே ஒரு தடவை அவசரமாக ஓட்டிய கட்டளையும்தான்.

நாளை ஞாயிறு. அத்தை வீட்டுக்குப் போகிறேன்.

25 மே

நான் கழுதை.

25 மே, மாலை

சாப்பிட்டுவிட்டு வந்து விவரமாக எழுதுகிறேன்.

எம்டிபி-டிடெக்டை ஓட்டினேன். வழக்கம்போலப் பேனிக். இந்த முறை முழுவதையும் மேலிருந்து கீழே ஒரு வரி விடாமல் படித்தேன். பேனிக்குக்கு நேர் மேலே ஒரு வரி இருக்கிறது. சாதனத்தை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஜிவிஎஃப்எஸ் அல்லது கேடிஈ என்ற இன்னொரு மேசைத்தளமாக இருக்கலாம் என்று அது பச்சையாகவே சொல்கிறது. யூஎஸ்பியில் ஓர் இடைமுகத்தை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும். போனைச் செருகியதும் பின்னணியில் கோப்பு மேலாளர் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அப்புறம் நான் டெர்மினலில் இருந்து போய்க் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? உள்ளே நான் வைத்த ஆளே உட்கார்ந்திருக்கிறார்.

பக்கப்பட்டியில் போனின் படத்துக்கு அருகே உள்ள வெளியேற்றும் பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். பேனிக் போய்விட்டது. பேட்ச் இல்லை, புதிய வரி இல்லை, ஒன்றும் இல்லை.

இன்னொரு வேடிக்கை: பேனிக் என்று அலறி, சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்று கையை விரித்த பிறகு, அந்தக் கட்டளை கடைசியாக அச்சிடும் சொல் ‘ஓகே’. நான் பேனிக்கை மட்டும் பார்த்தேன். ஓகேயையாவது பார்த்திருக்கலாம்.

26 மே

பட்டியலில் இல்லாத போன் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டு வாசகர் எழுதியிருக்கிறார். நேற்று இரவு முழுவதும் எனக்கும் அதே கேள்வி.

சாதனத்தைச் செருகும்போது, பட்டியலில் இல்லாவிட்டாலும் எம்டிபி-ப்ரோப் என்ற சிறு நிரல் போய், நீ எம்.டி.பி. பேசுவாயா என்று விசாரிக்கிறது. பேசுவேன் என்றால் போதும். ‘தெரியாத சாதனம்’ என்று நமக்கு வரும் செய்தியே, இது எம்.டி.பி. சாதனம்தான் என்று கண்டுபிடித்த பிறகு வருவது. தெரியாதது பெயர் மட்டுமே. அடுத்து, போன் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது எந்தெந்த நீட்டிப்புகள் தெரியும் என்று ஒரு வரி சொல்கிறது. அதில் ஆண்ட்ராய்டின் பெயரைக் கண்டதும், 21ஆம் தேதி நான் பயபக்தியோடு விவரித்த அந்தக் கொடிக்கட்டை லிப்எம்டிபி தானாகவே போர்த்திவிடுகிறது.

ஆகவே அத்தையின் போனைப் பொறுத்தவரை, என் ஒரு வரி செய்திருக்கக்கூடிய ஒரே வேலை ‘தெரியாத’ என்ற சொல்லை நீக்கிப் பெயரைப் போடுவது. அதற்காகக் கடின உறைநிலையில் இருக்கும் ஒரு குழுவின் அரை மணி நேரத்தைக் கேட்கவிருந்தேன். வழு அறிக்கையை அனுப்பவில்லை, வரைவை அழித்துவிட்டேன். அந்த மூன்றாவது கேள்வியை எழுதிய புண்ணியவான் யாரோ, நன்றி.

1 ஜூன்

அப்படியானால் வெற்றுச் சாளரம் எதனால்? அதைச் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

பூட்டு. அத்தை போனுக்கு நான்கு இலக்கப் பூட்டு வைத்திருக்கிறார். பூட்டிய நிலையில் கேபிளைச் செருகினால், போன் நான் இருக்கிறேன் என்கிறது, ஆனால் சேமிப்பகம் எதையும் காட்டாது. சாளரம் திறக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இது தவிர, ஆண்ட்ராய்டு 6 முதல் இன்னொரு படியும் உண்டு. செருகியவுடன் போன் மின்னேற்றம் மட்டுமே செய்யும். அறிவிப்பைத் தொட்டு ‘கோப்புப் பரிமாற்றம்’ என்று நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். விமான நிலையத்தில் கண்ட இடத்தில் செருகுபவர்களுக்கு அது பாதுகாப்பு. அத்தைக்கு அது வீட்டு வாசலில் இரண்டாவது கதவு. அவர் இரண்டாவது கதவைத் திறந்துவிட்டு, முதல் கதவைப் பூட்டியே வைத்திருந்தார்.

வாசகரே, நீங்களும் பூட்டைத் திறந்து பாருங்கள்.

8 ஜூன்

தலைப்பிலிருந்து விலகுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தையின் கேமரா கோப்புறையில் ஆறாயிரத்துச் சொச்சம் படங்கள். திறந்துவிட்டுப் போய்க் காபி போட்டு, ஆற்றி, குடித்தும் முடித்தேன். அப்போதுதான் பட்டியல் நிரம்பியது. கேபிளும் நல்லது, போனும் புதியது. காரணம் கொடிக்கட்டின் முதல் கட்டளைதான்: மொத்தமாகக் கேட்காதே. ஒரு கோப்புறை முழுவதுக்கும் ஒரே கேள்வியில் பதில் வாங்கும் வழி நெறிமுறையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அது சரியாக வேலை செய்யாது என்று முடிவு கட்டி அதை மூடிவைத்துவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகப் போய் விசாரிக்கிறது. ஆறாயிரம் படம், ஆறாயிரம் விசாரணை. அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றுதான், எம்.டி.பி.யில் வரிசையைத் தாண்ட முடியாது.

உடனே மனசு என்ன சொன்னது தெரியுமா? இந்தப் போன் புதியதாயிற்றே, அந்த ஒரு கொடியை மட்டும் நீக்கிவிட்டால்? ஒரே ஒரு வரி...

மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்துபோய்விட்டேன்.

இன்னொன்று. பழைய போனில் இருந்து எடுத்த படங்களைப் புதிய போனில் போட்டோம். கேமராவில் எடுத்தவை அவரவர் தேதியில் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தன. படத்துக்குள்ளேயே தேதி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்தவற்றுக்கு அந்த உள்தேதி இல்லை. அவையெல்லாம் ‘இன்று’ என்ற தலைப்பின் கீழ் குவிந்தன. பத்து வருட வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் ஜூன் 8 அன்று நடந்துவிட்டன. அத்தை அதற்கு ஒன்றும் வருத்தப்படவில்லை. எல்லாரையும் ஒரே நாளில் பார்த்ததில் மகிழ்ச்சிதான்.

22 ஜூன்

உறைநிலை என்றாலே எரிச்சல்படுபவர்களுக்காக இதையும் எழுதிவைக்கிறேன். சில காலம் மேசைத்தள நிரல்கள் திரையில் காட்டும் செய்திகளைத் தமிழாக்கும் வேலையில் நானும் இருந்தேன். கனோமில் சர உறைநிலை என்று ஒரு கட்டம் உண்டு. அதன் பிறகு திரையில் தெரியும் ஒரு சொல்லை மாற்றவேண்டுமென்றாலும் மொழிபெயர்ப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மற்ற மாதங்களில் நாம் மொழிபெயர்த்து முடித்த வாக்கியத்தைப் பின்னாலேயே வந்து ஒருவர் மாற்றிவிட்டுப் போவார். நம் தமிழ் கெட்டுப்போய் மறுபடி ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். சர உறைநிலையில்தான் தரை அசையாமல் நிற்கும், நாம் ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம்.

அந்த நாள்களில் யாராவது ‘ஒரே ஒரு சொல்தான்’ என்று விதிவிலக்கு கேட்டு வந்தால் எனக்கு எவ்வளவு கோபம் வரும் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. 17 மே இரவு அது நினைவுக்கு வரவில்லை.

28 ஜூலை

நேற்று முழு உறைநிலை. இனி ஒவ்வொரு பொதிக்கும் கையால் அனுமதி வேண்டும். வெளியீடு ஆகஸ்ட் 9.

வாசகர் திரும்ப எழுதியிருக்கிறார். அவருடைய போனில் பூட்டுச் சிக்கல் இல்லை. ‘கோப்புப் பரிமாற்றம்’ தேர்வுதான் ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்குப் போய்விடுகிறது. பேனிக்குக்கு மட்டும் என் காரணமேதான். இருந்தாலும், பட்டியலில் தன் போனின் பெயர் வரவேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசையில் தவறில்லை. ஆனால் அதற்கான இடம் டெபியனின் உறைந்த கிளை அல்ல. லிப்எம்டிபி திட்டத்துக்கே நேராக அனுப்புங்கள் என்று சொன்னேன். தெரியாத சாதனத்தைக் கண்டால் எண்ணையும் மாடலையும் தெரிவியுங்கள் என்று அந்தச் செய்தியே கேட்டுக்கொள்கிறது. அதையும் நாம் இருவரும் படிக்கவில்லை.

10 ஆகஸ்ட்

டெபியன் 13 நேற்று வந்துவிட்டது. அத்தையின் கணினியில் ஏற்கெனவே அதுதான் என்பதால் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மேம்படுத்தல், ஒரு மறுதொடக்கம்.

பிற்பகல் போன் செய்தார். சாளரம் காலியாக இருக்கிறதாம். பூட்டு என்றேன். ஓ என்றார். பிறகு, புதிதாக ஏற்றினாயே, அதில் இதைச் சரிசெய்யவில்லையா என்று கேட்டார்.

7 செப்டம்பர்

நேற்று டெபியன் 13.1 வந்தது. உண்மையிலேயே ஒரு போன் திறக்காமல் தவித்து, அதற்குச் சோதித்த சிறு திருத்தம் இருந்தால், இப்படிப்பட்ட இடைவெளியீட்டில் கேட்டுப் பார்க்கலாம். மே மாதக் கேள்விக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. ‘இரண்டு ஆண்டு’ கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

வாசகர் தன் வரியை லிப்எம்டிபிக்கு அனுப்பிவிட்டாராம். ஏற்றுக்கொண்டாலும் அது அவர் கணினிக்கு டெபியன் 14இல்தான் வந்து சேரும். அதற்குள் போனை மாற்றியிருப்பேன் என்று அவரே எழுதியிருக்கிறார்.